இல்லறத்தில் நின்று நாட்டுக்கு உழைத்த நல்லார்
சேர் பொன்னம்பலம் அருணாசலம்

அம்பாளின் திருவருளை முன்னிட்டு, ஒரு நல்ல குடும்பத் தலைவரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறேன். துறவு பூண்டு தொண்டு செய்தோரை நாம் பெரிதும் போற்றுகிறோம். மனைவி மக்களோடு வாழ்ந்து, உத்தியோகமும் பார்த்து, அதன் நடுவே இறைவனையும் ஏழைகளையும் மறவாதிருந்தவர்களும் போற்றத் தக்கவர்களே. அத்தகையோருள் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள்.

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், பொன்னம்பல முதலியாரின் மைந்தராக 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நிறுவியவர் இவரது தந்தையாரே. சேர் பொன். இராமநாதன் இவரது தமையனார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அருணாசலம், 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். அவ்வழியாக அச்சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் இவரே.

1883இல் சுவர்ணம் அம்மையாரை மணந்தார். ஆண் மக்களும் பெண் மக்களுமாகப் பிள்ளைச் செல்வம் நிறைந்த இல்லம் அது. மைந்தருள் ஒருவருக்குத் தமையனாரின் பெயரையே சூட்டினார். மற்றொரு மைந்தரான மகாதேவா பிற்காலத்தில் அரசாங்க சபையில் உள்நாட்டு அமைச்சராக விளங்கினார். எமக்கு அயலான குருநாகலில் நீதிபதியாக இருந்த காலத்தில், கேம்பிரிட்ஜ் நண்பரான எட்வர்ட் கார்பெண்டர் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1890இல் இவரைத் தேடி வந்தார். அவரைத் தமிழ் ஞானியொருவரிடம் அழைத்துச் சென்று நம் சமயத்தின் உட்பொருளை அறியச் செய்தார். திருவாசகப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் தந்தார். மேனாட்டுக் கல்வி இவரது சைவத்தைச் சற்றும் குறைக்கவில்லை.

பதிவாளர் நாயகமாக இவர் ஆற்றிய பணி இலிகிதராக வேலை பார்த்த எனக்கு மிக நெருக்கமானது. காணி, பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றைப் பதியும் திணைக்களத்தைச் சீர்படுத்தினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைத் தலைமையேற்று நடத்தி எழுதிய அறிக்கை பெரும் பாராட்டைப் பெற்றது. பதிவு என்பது வெறும் கடதாசி வேலை என்று இளமையில் நானும் எண்ணியதுண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்பதற்கு அத்தாட்சி கேட்டபோது, பிறப்புப் பதிவின் அருமை மலையகத்தாருக்கு விளங்கியது. என் உத்தியோகக் காலத்தில் பாட்டனின் பெயரைத் தேடி வந்தவர்கள் எத்தனையோ பேர். பழைய புத்தகத்தில் அப்பெயரைக் கண்டதும் கண்கலங்கியவர்களும் உண்டு. காணாமல் வெறுங்கையோடு படியிறங்கிப் போனவர்களும் உண்டு.

1913இல் ஓய்வுபெற்றார், சேர் பட்டமும் கிடைத்தது. பென்சன் எடுத்த பின் ஓய்ந்திருக்கலாம். அவரோ அதன் பின்னர்தான் முன்னிலும் அதிகமாக உழைத்தார். அந்நாளில் முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் அடைக்கச் சட்டம் இருந்தது. பெரியகங்காணிக்குக் கொடுக்க வேண்டிய கடனைக் குறித்த துண்டு கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதியவும் முடியாது. கடனோ தீராது. 1919இல் தொழிலாளர் நலன்காக்கும் சங்கம் ஒன்றை அமைத்து, இக்கொடுமைகளுக்கு எதிராக அருணாசலம் குரல் கொடுத்தார். 1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சிறைத்தண்டனை விதிகளும் துண்டு முறையும் நீக்கப்பட்டன. கோப்பித் தோட்டக் காலம் முதல் எம் முன்னோர் இந்த மலைகளில் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். தன் பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்தவர், முகம் அறியாதவர்களின் பிள்ளைகளையும் நினைத்துப் பார்த்தார்.

1919 டிசம்பரில் உருவான இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரும் இவரே. ஆயினும் மேல்மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று அளிக்கப்பட்ட உறுதிமொழி காக்கப்படாமையால், 1921இல் மனம் நொந்து விலகினார். சொன்ன சொல்லைக் காப்பதை வீட்டிலும் வெளியிலும் ஒரே நெறியாகக் கொண்டவருக்கு அது பெரும் வேதனையாகவே இருந்திருக்கும்.

இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் பாடுபட்டவர்களில் இவர் முதன்மையானவர். அது நிறைவேறியதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அருணாசலம் பெயரால் விளங்கும் மாணவர் விடுதியைக் காணும் நம் பிள்ளைகள், அப்பெயருக்குரியவர் யாரென்று அறிந்துகொள்ள வேண்டும்.

திருத்தல யாத்திரை சென்றிருந்த வேளை, 1924 ஜனவரி 9ஆம் திகதி மதுரை மாநகரில், தமது எழுபதாவது வயதில் இறைவனடி சேர்ந்தார்.

கோயிலுக்குத் தொண்டு செய்ய வீட்டை மறக்க வேண்டியதில்லை. வீட்டைக் காப்பதற்காகக் கோயிலையும் அயலானையும் மறக்க வேண்டியதில்லை. அவர் வாழ்விலிருந்து நான் கற்றது இதுவே. அடியார்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பிறப்பைக் காலந்தாழ்த்தாது பதிவு செய்யுங்கள். பெயரைப் பிழையின்றி எழுதுவியுங்கள். பத்திரங்களைப் பேணி வையுங்கள். அதுவும் குடும்பக் கடமையே.

எல்லாக் குடும்பங்களும் ஒற்றுமையுடன் வாழ அம்பாள் அருள்புரிவாளாக.