சம்பு நாத் தே

உண்ட உணவைச் செரிக்கும்பொருட்டு நம் உடல் நாள்தோறும் ஏறக்குறைய 7 லிட்டர் நீரைச் சுரக்கின்றது. அதில் பெரும்பகுதியைக் குடலே மீண்டும் உறிஞ்சிக் கொள்ளும். காலரா நோய் இவ்வொழுங்கைக் குலைப்பது எவ்வாறு என ஆராய்ந்தவர் சம்பு நாத் தே.

இவர் வங்காளத்தின் ஊக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1915ஆம் ஆண்டு பிறந்தார்; கல்கத்தாவில் மருத்துவம் பயின்றார்; இலண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று 1949இல் தாயகம் திரும்பினார். அந்நாளில் வங்காளத்தில் காலரா ஊர் ஊராக உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதன் கிருமியை இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் 1884இல் கல்கத்தாவிலேயே பிரித்துக் காட்டியிருந்தார். எனினும், அது கொல்லும் வகை விளங்கவில்லை. கிருமியின் நஞ்சு குருதியில் கலந்து கொல்வதாகவே பலரும் எண்ணினர்.

தே குடலையே நோக்கினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிரம்பிப் புடைத்திருந்தது! கிருமிகளை வடிகட்டி நீக்கிய நீரும் அவ்வாறே செய்வதை 1959இல் மெய்ப்பித்தார். கிருமி உமிழும் நஞ்சே குடலை ஓயாது சுரக்கச் செய்தது. நோயாளி தன் உடல்நீரையும் உப்பையும் இழந்தே மடிகின்றான். அவற்றை ஈடு செய்யின் பிழைப்பான். பின்னாளில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் எண்ணற்ற குழந்தைகளைக் காத்தது.

இத்தகையவரை நம் நாட்டு அறிவியற் கழகங்கள் அவர்தம் வாழ்நாளில் உறுப்பினராக ஏற்கவில்லை என்பது வியப்பே. 1978இல் நோபல் கருத்தரங்கு ஒன்று அவரைச் சுவீடனுக்கு அழைத்தது. 1985இல் தே காலமானார்.