15.9 குதிரையா, 70 குதிரையா? டபிள்யூ.ஓ. பென்ட்லி போட்ட கணக்கு

1921ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு புதிய ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு வந்தது. பெயர் பென்ட்லி 3 லிட்டர். அரசாங்கத்தின் வரிக் கணக்குப்படி அதன் திறன் 15.9 குதிரைத்திறன். அதே காரின் இயந்திரத்தைச் சோதனை மேடையில் ஓடவிட்டு அளந்தால் சுமார் 70 குதிரைத்திறன். இரண்டுமே பொய்யில்லை. ஒரே இயந்திரத்துக்கு எப்படி இரண்டு எண்கள் இருக்க முடியும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அந்தக் காரை உருவாக்கிய வால்டர் ஓவன் பென்ட்லியின் வாழ்க்கைக் கதை கிடைக்கிறது.

பென்ட்லி என்றதும் ஐந்து நட்சத்திர ஹோட்டல் வாசலில் நிற்கும் ஆடம்பரக் கார்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குப் பின்னால், ரயில்வே பட்டறையில் கரியும் எண்ணெயும் பூசிக்கொண்டு தொழில் கற்ற ஒருவர் இருக்கிறார். இயந்திரவியல் மாணவனான எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அவர் கார்களின் விலையல்ல. குதிரைத்திறன் என்ற எண்ணை அவர் அணுகிய விதம்.

1888 செப்டம்பர் 16ஆம் தேதி லண்டனில் பிறந்தார் பென்ட்லி. வீட்டில் ஒன்பது பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. எல்லாரும் அவரை டபிள்யூ.ஓ. என்றே அழைத்தார்கள். சிறுவயதிலிருந்தே ரயில் என்றால் உயிர். பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, டான்காஸ்டர் நகரிலிருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் தொழில் பயிலச் சேர்ந்தார். ஐந்தாண்டுப் பயிற்சி. நீராவி ரயிலின் அடுப்பில் நிலக்கரி வாரிப் போட்டார். இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டினார். பல மணி நேரம் நிற்காமல் ஓடும் இயந்திரம் எங்கே சூடேறும், எங்கே தேயும், எது முதலில் உடையும் என்பதையெல்லாம் அவர் கற்றது அங்கேதான்.

ரயில்வேயில் பெரிய எதிர்காலம் இல்லை என்று தோன்றவே, மோட்டார் பக்கம் திரும்பினார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொண்டார். 1912இல் அண்ணன் ஹோரஸுடன் சேர்ந்து, டி.எஃப்.பி. என்ற பிரெஞ்சுக் கார்களை லண்டனில் விற்கத் தொடங்கினார். கார் நல்ல கார்தான், ஆனால் வேகம் போதவில்லை. வேகத்தைக் காட்டாமல் விற்பனை நடக்காது. எனவே இயந்திரத்தின் திறனை எப்படிக் கூட்டுவது என்று யோசித்தார்.

இங்கே கொஞ்சம் பாடம். நீராவி இயந்திரம் குதிரைகளின் வேலையைச் செய்யத் தொடங்கிய காலத்தில், வாங்குபவர்களுக்குப் புரியட்டும் என்று ஜேம்ஸ் வாட் பயன்படுத்திய அளவுதான் குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது சுமார் 746 வாட். கார் இயந்திரத்தில் அது இரண்டு விஷயங்களின் பெருக்கல்: இயந்திரம் எவ்வளவு பலமாகச் சுழற்றுகிறது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது. ஆகவே திறனைக் கூட்ட அடிப்படையில் இரண்டே வழிகள். ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் பலம் வர வேண்டும். அல்லது நிமிடத்துக்குக் கூடுதலாகச் சுழல வேண்டும். டியூனிங் என்று நாம் சொல்லும் அத்தனையும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

1913இல் பிரான்ஸிலுள்ள டி.எஃப்.பி. தொழிற்சாலைக்குச் சென்ற பென்ட்லியின் கண்ணில் ஒரு சிறு பொருள் பட்டது. மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த, அலுமினியத்தால் செய்த ஒரு சிறிய பிஸ்டன். அலங்காரப் பொருள்தான். அவருக்கோ அதில் வேறொன்று தெரிந்தது. அப்போது கார்களின் பிஸ்டன்களை இரும்பிலும் எஃகிலும் செய்வதுதான் வழக்கம். அலுமினியம் இயந்திரச் சூட்டைத் தாங்காது என்பது பரவலான எண்ணம். பென்ட்லி அலுமினியத்துடன் 12 விழுக்காடு செம்பு கலந்து பிஸ்டன் செய்வித்துப் பார்த்தார். அது உருகவில்லை. எடை குறைந்ததால் இயந்திரம் வேகமாகச் சுழன்றது. அலுமினியம் சூட்டை விரைவாகக் கடத்துவதால், எரிபொருள் கலவையை முன்பைவிட அதிகமாக அழுத்தவும் முடிந்தது. அந்தக் காருடன் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் சாதனைகள் படைத்தார். 1914இல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில், தன்னுடையதைவிடப் பெரிய கார்களுடன் போட்டியிட்டு ஆறாவதாக வந்தார்.

அதே ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. பிஸ்டன் ரகசியத்தைக் கடற்படையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். விமான இயந்திரங்களைச் செம்மைப்படுத்தும் பணி அவருக்குக் கிடைத்தது. அன்று போர் விமானங்களில் பயன்பட்ட கிளெர்ஜே இயந்திரம் 130 குதிரைத்திறன் கொண்டது; சூடேறிப் பழுதாவது அதன் குறை. பென்ட்லி வடிவமைத்த பி.ஆர்.1 இயந்திரத்தில் பிஸ்டன் மட்டுமன்றி சிலிண்டரும் அலுமினியம். உள்ளே இரும்பு உறை. திறன் 150ஆக உயர்ந்தது. ஆனால் சோப்வித் கேமல் விமானத்தில் பறந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் 20 குதிரையைவிட, நடுவானில் இயந்திரம் நிற்காது என்ற நம்பிக்கைதான் பெரிது. திறனும் நம்பகமும் ஒன்றாக வர வேண்டும் என்ற பிடிவாதம் பென்ட்லிக்குக் கடைசிவரை இருந்தது.

போர் முடிந்தது. 1919இல் அவருடைய முதல் மனைவி லியோனி, உலகெங்கும் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் இறந்துபோனார். அதே ஆண்டுதான் பென்ட்லி மோட்டார்ஸ் நிறுவனம் பிறந்தது. அதன் முதல் கார்தான் தொடக்கத்தில் சொன்ன 3 லிட்டர்.

இப்போது அந்த 15.9க்கு வருவோம். 1921 முதல் பிரிட்டனில் ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு வரி. ஒவ்வொரு காரையும் சோதனை மேடையில் ஏற்றி அளக்க முடியாதல்லவா? அதனால் ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டார்கள். சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுக்க வேண்டும். பென்ட்லியின் சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., அதாவது 3.15 அங்குலம். நான்கு சிலிண்டர்கள். கணக்குப் போட்டால் 15.9 வரும்.

இந்தச் சூத்திரத்தில் பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போகிறது என்பது இல்லை. இயந்திரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதும் இல்லை. பிஸ்டன் நிமிடத்துக்கு 1,000 அடி, அதாவது சுமார் 305 மீட்டர்தான் நகரும் என்று அது முன்கூட்டியே எடுத்துக்கொண்டது. பழைய இயந்திரங்களுக்கு அது பொருந்தியது. பென்ட்லியின் பிஸ்டன் ஒரு வீச்சில் 149 மி.மீ. நகரும். நிமிடத்துக்கு 3,500 சுழற்சி என்று வைத்து நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 1,043 மீட்டர்! சூத்திரம் எதிர்பார்த்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், தலைக்கு மேல் கேம்ஷாஃப்ட், இரண்டு தீப்பொறி பிளக்குகள் என்று, காற்று தடையின்றி வந்து முழுமையாக எரிந்து வெளியேற அவர் எல்லா வழியும் செய்திருந்தார். 15.9 எப்படி 70 ஆனது என்பதற்கு இதுதான் விளக்கம். முதல் எண் வரி வசூலிக்க உருவானது. இரண்டாவது, இயந்திரம் உண்மையில் செய்த வேலை.

1923இல் பிரான்ஸின் லெ மான் நகரில் முதன்முறையாக 24 மணி நேரப் பந்தயம் நடந்தது. இரவும் பகலும் ஓடினால் எந்தக் காரும் தாங்காது, இது வீண் வேலை என்று பென்ட்லி நினைத்தார். கடைசி நேரத்தில்தான் பார்க்கவே போனார். தனியாராகக் கலந்துகொண்ட ஒரு 3 லிட்டர் கார் நான்காவதாக வந்தது. மறு ஆண்டு அதே காரோட்டிகள், டஃப், கிளெமென்ட் இருவரும் வென்றார்கள். அதன்பின் 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வெற்றி பென்ட்லிக்கே. 1929இல் முதல் நான்கு இடங்களும் பென்ட்லி கார்களுக்கு.

ஆனால் உள்ளே ஒரு பிளவு வளர்ந்துகொண்டிருந்தது. பணப் பற்றாக்குறையால் 1926இல் நிறுவனம் கோடீசுவரர் உல்ஃப் பர்னாட்டோவின் கைக்குப் போயிருந்தது. அணியின் புகழ்பெற்ற காரோட்டி டிம் பிர்கின், நான்கரை லிட்டர் காரில் சூப்பர்சார்ஜர் பொருத்த வேண்டும் என்றார். சூப்பர்சார்ஜர் என்பது காற்றையும் எரிபொருளையும் வலுக்கட்டாயமாகச் சிலிண்டருக்குள் தள்ளும் கருவி. பென்ட்லி உடன்படவில்லை. அதிகம் திணித்தால் அதிகம் எரியும், அதிகம் சூடேறும், பிளக்கும் வால்வும் பிஸ்டனும் தாங்க வேண்டுமே! கூடுதல் திறன் வேண்டுமென்றால் இயந்திரத்தையே பெரிதாக்குவோம் என்பது அவர் கட்சி. பர்னாட்டோ பிர்கின் பக்கம் நின்றார். டோரத்தி பேஜட் என்ற செல்வந்தப் பெண்மணி பணம் கொடுத்தார். ப்ளோவர் பென்ட்லி பிறந்தது.

எண்களைப் பார்த்தால் பிர்கின் சொன்னது சரிதான். சாதாரண நான்கரை லிட்டர் கார் 110 குதிரைத்திறன். ப்ளோவர் சாலையில் 175, பந்தயத்தில் 240. பென்ட்லி நம்பியதோ ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ். இரட்டைக் கார்புரேட்டர், உயர்த்திய அழுத்த விகிதம், மாற்றிய கேம்ஷாஃப்ட் என்று டியூன் செய்தும், பந்தயத்தில் அதன் திறன் சுமார் 200தான்.

1930 லெ மான் பந்தயத்தில் இரண்டும் களமிறங்கின. 240 குதிரைத்திறன் கொண்ட ப்ளோவர்கள் இரண்டும் பந்தயத்தை முடிக்கவில்லை, பழுதாகி நின்றுவிட்டன. 200 குதிரைத்திறன் கொண்ட ஸ்பீட் சிக்ஸ் கார்கள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. சோதனை மேடையில் சில நிமிடம் காட்டும் எண் ஒன்று. 24 மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய எண் வேறு. ரயில் அடுப்பருகே நின்று கற்ற பாடம் தோற்கவில்லை.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இயந்திரக் கணக்கில் வென்றவர் பணக் கணக்கில் தோற்றார். 1930இல் எட்டு லிட்டர் கார் வெளிவந்தபோது உலகப் பொருளாதாரமே சரிந்துகொண்டிருந்தது. நூறு கார்கள்தாம் தயாராயின. 1931இல் நிறுவனம் திவாலானது. தன் பெயரை வெளியில் காட்டாமல் இடைத்தரகு நிறுவனம் ஒன்றின் வழியாக ரோல்ஸ்-ராய்ஸ் அதை வாங்கியது. நிறுவனத்தோடு பென்ட்லி என்ற வணிகப் பெயரும் போய்விட்டது. பிறந்தபோது கிடைத்த பெயரைத் தான் செய்யும் காருக்கு வைக்கும் உரிமை அவருக்கு இல்லாமல்போனது. ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு 1935 வரை அங்கேயே ஊழியராக இருந்தார்.

பிறகு லகோண்டா நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே அவர் தலைமையில் உருவான 12 சிலிண்டர் இயந்திரத்தைப் பாருங்கள். கொள்ளளவு 4,480 சி.சி.; ப்ளோவரின் கொள்ளளவும் ஏறக்குறைய அதுதான், 4,398 சி.சி. சாலை ஓட்டத்துக்கான ப்ளோவர் சூப்பர்சார்ஜர் உதவியுடன் கொடுத்தது 175 குதிரைத்திறன். லகோண்டா எந்தத் திணிப்பும் இல்லாமல் கொடுத்தது 180. சிறிய, இலேசான பிஸ்டன்களால் இயந்திரம் வேகமாகச் சுழன்றதே காரணம். பிர்கினுடன் நடந்த வாதத்துக்கு அவர் இயந்திரத்தாலேயே பதில் எழுதிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைப் பார்க்கப் பிர்கின் உயிரோடு இல்லை, 1933இலேயே காலமாகிவிட்டார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் குழு வடிவமைத்த 2.6 லிட்டர் இயந்திரம் வேறொரு புகழ்பெற்ற காருக்குள் போய்ச் சேர்ந்தது. 1947இல் ஆஸ்டன் மார்ட்டினையும் லகோண்டாவையும் வாங்கிய டேவிட் பிரவுன், அதை ஆஸ்டன் மார்ட்டின் டிபி2 காரில் பொருத்தினார். தொடக்கத்தில் 105 குதிரைத்திறன். அழுத்த விகிதத்தை உயர்த்தி, பெரிய கார்புரேட்டர்களைப் பொருத்தியதும் 125. அந்த வகைக்கு வான்டேஜ் என்று பெயர். இன்றும் அந்தப் பெயர் வாழ்கிறது. உள்ளே துடித்த இயந்திரம் யாருடையது என்பது காரின் முகப்பில் இல்லை.

இன்று நம் சாலைகளில் ஓடும் 1.5 லிட்டர் மைவிகூட நூறு குதிரைத்திறனைத் தாண்டிவிட்டது. அந்த 3 லிட்டர் பென்ட்லியில் பாதி அளவு இயந்திரம்! ஆனாலும் எண்ணைப் பார்த்து மயங்கும் பழக்கம் போகவில்லை. நம் நாட்டிலும் சாலை வரி இயந்திரத்தின் சி.சி. அளவை வைத்துத்தான் வருகிறது. அதுவும் வசதிக்காக வைத்த ஓர் எண்ணே. டியூனிங் கடையில் அச்சிட்டுத் தரும் தாளில் உள்ள எண்ணை நண்பர்கள் பெருமையாகப் பகிர்வார்கள். அது இயந்திரத்தில் அளந்ததா, கியர்பெட்டியின் இழப்பு போகச் சக்கரத்தில் அளந்ததா? எந்தச் சுழற்சி வேகத்தில்? அதே திறனை எவ்வளவு நேரம் தாங்கும்? இந்த மூன்று கேள்விகளைக் கேட்டாலே பாதி தெளிவு பிறந்துவிடும்.

டபிள்யூ.ஓ. பென்ட்லி 1971 ஆகஸ்ட் 13ஆம் தேதி, 82ஆவது வயதில் காலமானார். பிள்ளைகள் இல்லை. அவர் எதிர்த்த ப்ளோவர்தான் இன்று சுவரொட்டிகளில் அதிகம் தெரியும் பழைய பென்ட்லி. ஆனால் லெ மான் வெற்றியாளர் பட்டியலில் அந்தக் காரின் பெயர் இல்லை. அங்கே இருப்பவை அவர் நம்பிய கார்கள்.