உடலின் தொழிலைத் தமிழில் எழுதிய மானிப்பாய் வைத்தியர்

1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது நானும் அந்தச் சனத்துக்குள் ஒருவன். மருத்துவம் படிக்கத் தொடங்கியிருந்த காலம். நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் சில நாட்களிலேயே பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு தாய், தண்ணீர் கொடுத்தால் இன்னும் கூடப் போகும் என்று சொல்லி ஒரு மிடறும் கொடுக்காமல் இருந்தார். பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது, அழுகையில் கண்ணீர் இல்லை.

குடலின் சுவரில் உப்பும் சீனியும் எப்படிச் சேர்ந்து உள்ளே போகின்றன என்பதைச் சோதனைத்தாளில் ஆங்கிலத்தில் படம் கீறி விளக்கி எழுதியவன் நான். அந்தத் தாய்க்குச் சொல்ல என்னிடம் ஒரு தமிழ் வசனம் இருக்கவில்லை. அங்கே நின்ற வயதான அப்போதிக்கரி ஐயா வந்து குந்தியிருந்து, வாய்க்கால் உடைந்தால் இறைப்பதை நிற்பாட்டினால் பயிர் என்னாகும் பிள்ளை என்று கேட்டார். பிறகு ஜீவனியைக் கரைத்துத் தேக்கரண்டியால் பருக்கினார். தாய் மிச்சத்தைத் தானே பருக்கினார்.

சாமுவேல் கிறீனின் வாழ்க்கையை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த வெட்கத்தினால்தான். மானிப்பாய் ஆஸ்பத்திரியின் பெயரில் இருக்கிற கிறீன் என்பதற்கு மேல் அதுவரை அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

அவர் 1822 இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்ற ஊரில் பிறந்தவர். பெரிய குடும்பம். நியூயோர்க் நகரத்தின் வரலாற்றில் பெயர் பெற்ற அன்ட்ரூ கிறீன் இவருடைய சகோதரர். அண்ணன் தம்பிகளைப் போல அந்த நாட்டிலேயே இவரும் பேர் எடுத்திருக்கலாம். நியூயோர்க்கில் வைத்தியம் படித்து 1845 இல் பட்டம் பெற்றவர், இரண்டு வருடத்தில் அமெரிக்க மிஷனின் வைத்தியராகக் கப்பலேறி, 1847 இல் இருபத்தைந்து வயதில் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருடம் மானிப்பாய். சமயம் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது; அதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை, நாமும் மறைக்கத் தேவையில்லை.

கொலரா அடிக்கடி ஊர்களைச் சூறையாடிய காலம் அது. அந்த நோய் செய்வதைக் கொஞ்சம் விளக்கினால்தான் அவருடைய வேலை விளங்கும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய 5 லீற்றர். இருதயம் ஒரு நிமிடத்தில் எழுபது தடவை அடித்து, ஒவ்வொரு அடிக்கும் 70 மில்லிலீற்றர் அளவில் தள்ளுகிறது. ஆக, முழு இரத்தமும் ஒரு நிமிடத்தில் ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது. கடுமையான கொலராவில் மணிக்கு ஒரு லீற்றர் நீர்கூடக் குடலால் போகலாம். அந்த நீர் கடைசியில் இரத்தத்திலிருந்துதான் வருகிறது. இரத்தம் தடிக்கிறது, நாடி மெலிகிறது, சலம் நின்றுபோகிறது. காலையில் வயலுக்குப் போனவர் இரவு இல்லை. இதைப் பார்த்து நின்ற சனம் அம்மன் கோபம் என்று நினைத்ததில் நான் பிழை காணமாட்டேன். உடலுக்குள் என்ன நடக்கிறதென்று அவர்களுடைய பாஷையில் யாரும் சொல்லியிருக்கவில்லை. உப்பும் சீனியும் சேர்ந்து போகும் அந்தக் குடல்வாசல் கொலராவிலும் பூட்டுப்படாமல் இருக்கிறது என்பது 1960களில்தான் விளங்கியது. ஆகவே கிறீனுக்கும் அது தெரியாது.

தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க அவர் மாணவர்களைச் சேர்த்தார். ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆனால் தமிழையும் தானே படித்து, 1857 இலேயே கற்றர் என்பவரின் நூலைத் தமிழாக்கி வெளியிட்டார். அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அங்காதிபாதம் என்றால் உடலின் அமைப்பு, சுகரணவாதம் என்றால் நாங்கள் இப்போது உடற்றொழிலியல் என்று சொல்வது, உற்பாலனம் என்றால் சுகத்தைப் பேணும் முறை.

உடல்நலம் குன்றி ஊருக்குப் போனவர், கலியாணம் முடித்து 1862 இல் மனைவியோடு திரும்பி வந்தார். அதன்பிறகு ஒரு பெரிய முடிவெடுத்தார். ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் அரச உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போய்விட, கிராமத்துச் சனத்துக்கு வைத்தியரில்லாமல் இருந்தது. ஆகவே வைத்தியப் படிப்பையே தமிழில் நடத்தத் தொடங்கினார். படித்தவன் தொப்பியும் சப்பாத்தும் போட்டுத் தன் சனத்திலிருந்து விலகிப்போவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. நூற்றைம்பது வருடம் கழித்து இதைப் படிக்கையில் எங்களுக்குத்தான் குத்துகிறது.

தமிழில் படிப்பிப்பதென்றால் புத்தகம் வேண்டும். 1867 இல் இரண வைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதம், 1875 இல் கெமிஸ்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மனுஷ அங்காதிபாதத்தின் மூலநூல் இன்றும் மருத்துவ மாணவர் தூக்கித் திரிகிற கிறேயின் நூல்தான். அது இலண்டனில் வந்து பதினான்கு வருடத்துக்குள் தமிழுக்கு வந்துவிட்டது. சொல்லுக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கும் எளிமையானது: முதலில் தமிழில் தேடு, இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. கெமிஸ்திரி கெமிஸ்தமானது அப்படித்தான். தனியாளாக அவர் இதைச் செய்யவில்லை. அவரிடம் படித்த தமிழ் வைத்தியர்களே பெரும்பகுதியை மொழிபெயர்க்க, அவர் ஒப்புநோக்கித் திருத்தினார். அவரிடம் படித்து வெளியேறிய வைத்தியர்கள் அறுபதுக்கும் மேல்.

1873 இல் உடல் மறுபடியும் ஒத்துழைக்காமல் வூஸ்ரருக்குத் திரும்பினார். வேலை நிற்கவில்லை. அங்கேயிருந்தும் தமிழ் நூல்களின் வேலையைத் தொடர்ந்தார். டோல்ரனின் உடற்றொழிலியல் நூல் மனுஷ சுகரணம் என்ற பெயரில் 1883 இல் வந்தது. டோல்ரன் நியூயோர்க்கில், கிறீன் படித்த அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். தான் படித்த இடத்தின் அறிவு தமிழில் அச்சாகியதை அவர் இருந்து பார்த்தார். அடுத்த வருடம் மே மாதம் கண்ணை மூடினார். தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்பது தன் கல்லறையில் இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தார், அப்படியே பொறித்தார்கள்.

அவர் போனபின் தமிழ் வைத்தியப் படிப்பு நிலைக்கவில்லை. எங்கள் மருத்துவபீடம் ஆங்கிலத்தில்தான் படிப்பிக்கிறது, உலக அறிவோடு சேர்ந்து ஓட அது வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நான் இப்போது எடுக்கும் உடற்றொழிலியல் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பாடம் முடியவும் ஒரு பிள்ளை எழும்பி, அன்றைய விஷயத்தை வார்ட்டில் கிடக்கும் ஓர் அம்மாவுக்குச் சொல்வதுபோலத் தமிழில் சொல்லவேண்டும். போன கிழமை சிறுநீரகம். முல்லைத்தீவுப் பிள்ளை ஒருத்தி எழும்பி, நல்லாய்த் தொடங்கி, பாதியில் சொல் வராமல் நின்றாள். முழு வகுப்பும் சேர்ந்து தேடிக்கொண்டிருந்ததில் மணி அடித்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.