கண்ணீரோடு நின்றுவிடாதவர்

குதிரை நின்றது. வாலிபன் இறங்கினான். சாலையோரப் புல்தரையிலே அமர்ந்தான். கையிலே கடிவாளம், முகத்திலே கலக்கம்.

1785-ம் ஆண்டு, ஜூன் திங்கள். இங்கிலாந்திலே, கேம்பிரிட்ஜிலிருந்து லண்டனுக்குச் செல்லும் சாலையிலே, வேட்ஸ்மில் எனும் சிற்றூரின் அருகே. வாலிபனுக்கு வயது 25. என்ன குறை அவனுக்கு? தேர்விலே தோல்வியா? இல்லை, வெற்றி! பல்கலைக் கழகம் நடத்திய லத்தீன் கட்டுரைப் போட்டியிலே முதற்பரிசு! கற்றோர் கூடிய மன்றத்திலே கட்டுரையைப் படித்துக் காட்டிவிட்டு வருகிறான். பாதிரிப் பணியின் முதற்படியையும் ஏறியாகிவிட்டது. மேலே மேலே ஏற ஏணி காத்திருக்கிறது. ஊதியம் உண்டு, மாளிகை உண்டு, மதிப்பு உண்டு. அப்படிப்பட்டவன், வழியிலே வாடி உட்காருவானேன்?

கட்டுரையின் பொருள் அவனை உட்கார வைத்தது. பிறரை, அவர்தம் விருப்பத்துக்கு மாறாக, அடிமையாக்குவது முறையாகுமா என்பதே கல்லூரிப் பெரியவர் பெக்கார்ட் தந்த தலைப்பு. பரிசு பெறத்தான் எழுதப் புகுந்தான் வாலிபன். அடிமை வாணிபத்திலே ஈடுபட்டு மறைந்துபோன ஒருவரின் காகிதங்கள் கிடைத்தன, படித்தான். பயணம் செய்தவர்களின் நூல்களைப் புரட்டினான். பகலிலே படித்தது இரவிலே உறங்க விடவில்லை. நடு இரவிலே எழுந்து குறிப்பெழுத, அறையிலே விளக்கை அணைக்காமல் வைத்திருந்தான். எழுதியதெல்லாம் உண்மையென்றால் இந்தக் கொடுமைக்கு யாராவது முடிவுகட்ட வேண்டுமே. யார் அந்த ஒருவர்? இந்தக் கேள்விதான் அவனைக் குதிரையிலிருந்து இறக்கியது.

தோழர்களே, அந்த வாலிபன்தான் தாமஸ் கிளார்க்சன். 1760-ல் விஸ்பெச் எனும் ஊரிலே, பள்ளித் தலைமையாசிரியராகவும் பாதிரியாராகவும் இருந்தவரின் மகனாகப் பிறந்து, ஆறு வயதிலே தந்தையை இழந்தவர். அவர் வரலாற்றை நாம் இங்கே எடுத்துக் கூறுவது, பழங்கதை பேசிப் பொழுது போக்க அல்ல. எந்தப் பணியிலே இறங்குவது, கையிலுள்ள காசை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வி, கழகத் தோழன் ஒவ்வொருவனுக்கும் எழுகிற கேள்வி. அதற்கு விடை தேடுவோருக்கு இவர் வாழ்வு நல்லதோர் பாடம்.

அந்நாள் வாணிபம் எப்படி நடந்தது? பிரிட்டனிலிருந்து துணியும் துப்பாக்கியும் கத்தியும் ஏற்றிக்கொண்டு கப்பல் ஆப்பிரிக்கா செல்லும். சரக்கை இறக்கி மனிதரை ஏற்றும். மேற்கிந்தியத் தீவுகளிலே அவர்களை விற்றுவிட்டு, சர்க்கரையோடு ஊர் திரும்பும். 1781-ல் ஸாங் எனும் கப்பலிலே, 130-க்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலிலே வீசினர். குடிநீர் போதவில்லை என்றனர். பிறகு, இழந்த சரக்குக்கு நட்டஈடு தா என்று இன்ஷூரன்ஸ் பணம் கேட்டனர்! 1783-ல் வழக்கு மன்றம் சென்றது. கொலை வழக்காக அல்ல, வெறும் பண வழக்காக! ஆண்டவன் பெயர் ஓதுவோர் ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? பார்படோஸ் தீவிலே, மதம் பரப்ப ஏற்பட்ட ஆங்கிலச் சபைக்கே அடிமைத் தோட்டம் சொந்தமாக இருந்தது!

கிளார்க்சன் உடனே பொங்கி எழுந்து பாதிரிப் பணியை உதறிவிட்டார் என்று நாம் கூறினால் அது மிகை. ஓராண்டுக்கு மேல் தயங்கினார். கட்டுரையை ஆங்கிலமாக்கி 1786-ல் வெளியிட்டார். ஓய்ந்த நேரத்திலே இதைச் செய்துகொண்டு, பாதிரியாராகவும் இருந்துவிடலாமா என்று எண்ணிப் பார்த்தார். பிரசங்க பீடம் ஏறப் பலர் காத்திருக்கின்றனர். தாம் போகாவிட்டாலும் அந்த இடம் நிரம்பிவிடும். இந்தப் பணிக்கோ, முழு நேரத்தையும் தர ஓர் ஆள் இல்லை. ஆகவே காலியாகக் கிடந்த இடத்துக்குச் சென்றார்.

1787 மே 22-ல், லண்டனிலே ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடினர். ஒன்பது பேர் குவேக்கர் எனும் சிறு மதப் பிரிவினர், பெரும்பாலும் வணிகர். கடையை விடவில்லை அவர்கள். கடையிலிருந்து வந்ததைக் கொடுத்தனர், அச்சுக்கூடம் கொடுத்தனர், ஊர்தோறும் இருந்த தம் நண்பர்களின் தொடர்பைக் கொடுத்தனர். கிளார்க்சன் தம் காலையும் காலத்தையும் கொடுத்தார். கடை நடத்தியோர் இல்லையேல் ஊர் சுற்றியவருக்கு உணவில்லை. ஊர் சுற்றியவர் இல்லையேல் கடைக்காரர் தந்த காசுக்குப் பயனில்லை.

முதலிலே ஒரு சிக்கல். அடிமை முறை முழுவதையும் ஒழி என்பதா, அடிமைகளைப் பிடித்து விற்கும் வாணிபத்தை நிறுத்து என்பதா? முழுவதையும் ஒழி என்றார், முதியவர் கிரான்வில் ஷார்ப். மற்றவர்கள் வாணிபத்தைக் குறி வைத்தனர். வாணிபத்தைத் தடுக்கப் பார்லிமெண்டுக்கு உள்ள அதிகாரத்தை எவரும் மறுக்க முடியாது. வரத்து நின்றால் அடி வேர் தானே வாடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு முழுதும் பலித்ததா? இல்லை. வேர் வாடவில்லை, பிறகு அதையும் வெட்டவே வேண்டியிருந்தது. ஆனால், கையிலிருந்த சிறு கோடரியை எங்கே வீசினால் ஆழமாக இறங்கும் என்று எண்ணி வீசினரே, அந்தப் பழக்கம் நமக்கு வேண்டும்.

கிளார்க்சன் புறப்பட்டார், பிரிஸ்டலுக்கும் லிவர்பூலுக்கும். அடிமை வாணிபத்தால் கொழுத்த துறைமுகங்கள் அவை! பிரிஸ்டலிலே, மதுக்கடைக்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மார்ஷ் தெருச் சாராயக் கடைகளுக்கு நள்ளிரவிலே சென்றார். குடிக்கவா? இல்லை! மாலுமிகளுக்கு மது ஊற்றி, மயங்கியதும் அடிமைக் கப்பலிலே ஏற்றும் காட்சியைத் தம் கண்ணாலே காண! கப்பல்களின் ஆள் பட்டியல்களை எடுத்து, ஏறியவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை என்று எண்ணினார். இப்படி 20,000 மாலுமிகளின் கணக்கைத் திரட்டினார். இந்த வாணிபம் நம் கடற்படைக்கு மாலுமிகளை வளர்த்துத் தரும் தொட்டில் என்று முதலாளிகள் முழங்கி வந்தனர். தொட்டிலல்ல, இடுகாடு என்று காட்டிற்று கிளார்க்சனின் கணக்கு. ஆப்பிரிக்கனுக்காக அழாதவன்கூட, தன் நாட்டு மாலுமியின் சாவைக் கண்டு திடுக்கிட்டான்.

லிவர்பூல் கடையொன்றிலே, கைவிலங்கும் கால்விலங்கும் கட்டைவிரலை நசுக்கும் திருகும், பட்டினி கிடந்து சாகத் துணிந்த அடிமையின் வாயைப் பிளக்கும் கருவியும் விற்பனைக்கு இருந்தன. விலை கொடுத்து வாங்கினார், காட்டுமிடமெல்லாம் காட்டினார். அதே ஊர்த் துறையிலே எட்டொன்பது பேர் அவரைச் சூழ்ந்து கடலிலே தள்ள வந்தனர். நெட்டை உருவம், வலிய தோள். முட்டி மோதித் தப்பினார். ஆப்பிரிக்க ஆற்றிலே ஆள் பிடித்ததை நேரில் கண்ட ஒரே ஒரு மாலுமியைத் தேடி, பெயர்கூடத் தெரியாமல், துறைமுகம் துறைமுகமாகப் போர்க்கப்பல்களிலே ஏறி இறங்கினார். கடைசியில் பிளிமத் துறையிலே கண்டுபிடித்தார்! ஏழாண்டுகளில் அவர் சென்ற தொலைவு 35,000 மைல்.

புரூக்ஸ் எனும் கப்பலின் படத்தை அச்சிட்டுப் பரப்பினர். 482 மனித உருவங்கள், பெட்டியிலே அடுக்கிய மீன்கள்போல! சட்டம் கட்டுப்படுத்துமுன் அதே கப்பல் 600-க்கு மேற்பட்டோரை ஏற்றியதுண்டு. ஆயிரம் பக்கம் சொல்லாததை அந்த ஒரு தாள் சொல்லிற்று.

இங்கே நிறுத்தி ஒன்று கேட்கிறோம். கிளார்க்சன் தம் பணத்தைக் கொண்டு நாலைந்து அடிமைகளை விலைக்கு வாங்கி விடுதலை செய்திருக்கலாமே? செய்திருந்தால் நல்லவர் என்று ஊர் புகழ்ந்திருக்கும். அடுத்த நாளே கப்பல் புதிதாக நாலைந்து பேரைக் கொண்டுவந்து இறக்கியிருக்கும்! அவர் பணமோ குதிரைத் தீனிக்கும், சத்திரக் கூலிக்கும், துண்டுப் பிரசுரத்துக்கும் போயிற்று. தருமம் என்று அதை யாரும் அழைக்கமாட்டார்கள். ஆனால் கப்பலையே நிறுத்தியது அந்தச் செலவுதான்.

பாட்டாளித் தோழர்கள் மறக்கக்கூடாத செய்தி ஒன்று. ஷெபீல்டு நகரிலே கத்தி செய்யும் தொழிலாளர். அவர்கள் செய்த கத்தி, ஆப்பிரிக்காவிலே மனிதனுக்கு விலையாகப் போயிற்று. வாணிபம் நின்றால் அவர்கள் வயிற்றிலே அடி. ஆனாலும் 1789-ல், அவர்களில் 769 பேர் அந்த வாணிபத்தை நிறுத்துமாறு பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் கொடுத்தனர்! 1792-ல் விண்ணப்பங்கள் 519 ஆயின. அடிமை விளைவித்த சர்க்கரை வேண்டாம் என்று விலக்கியவர்கள் மூன்று லட்சம் பேர் என்று கணக்கிட்டார் கிளார்க்சன். ஓட்டுரிமை இல்லாத தாய்மார்கள், தேநீர்க் கோப்பையிலே தம் ஓட்டைப் போட்டனர்!

வெற்றி உடனே வந்ததா? இல்லை. பிரெஞ்சுப் புரட்சி கண்டு மிரண்ட ஆளவந்தார்கள், விடுதலை பேசுவோரையெல்லாம் கலகக்காரர் என்றனர். 1794-ல் கிளார்க்சன் உடல் ஒடிந்தது. கையிருப்பில் பெரும்பகுதி கரைந்திருந்தது. பார்லிமெண்டிலே போராடிய வில்பர்போர்சும் மற்ற நண்பர்களும் நிதி திரட்டிக் கொடுத்தனர். ஏரிக்கரையிலே நிலம் உழுது, மணம் புரிந்து, ஆண்டுகள் பல ஒதுங்கி வாழ்ந்தார். இதை மறைக்காமல் சொல்லுகிறோம். முழு நேர ஊழியனை ஓட ஓட விரட்டிவிட்டு, அவன் விழுந்ததும் தியாகி என்று மாலை போடுவது முறையாகாது. விழுமுன் தாங்குவதும் இயக்கத்தின் கடமை.

1804-ல் மீண்டும் வந்தார். 1807 மார்ச் 25-ல் அடிமை வாணிபம் சட்டப்படி ஒழிந்தது. 1823-ல், அடிமை முறையையே ஒழிக்கப் புதிய சங்கம் தோன்றியபோது, 63 வயதிலே மறுபடியும் ஊர் ஊராகக் கிளம்பினார். 1833-ல் அதற்கும் சட்டம் வந்தது.

ஆனால் அவரொருவரால் எல்லாம் நடந்ததாக எண்ணிவிடாதீர்கள். அடிமையாக இருந்து விடுபட்ட ஒலாடா எக்வியானோ, 1789-ல் தம் வரலாற்றை எழுதி ஊரெங்கும் சென்று பேசினார். 1791-ல் செயின்ட் டொமிங்கோவிலும், 1831-ல் ஜமைக்காவிலும் அடிமைகளே ஆர்த்தெழுந்தனர். விலங்கு பூட்டப்பட்டவனே முதற் போராளி!

சட்டம் யாருக்குப் பணம் கொடுத்தது தெரியுமா? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுன்! அடிமைக்கு ஒரு காசு இல்லை. அதற்காக சர்க்கார் பட்ட கடன் 2015-ல்தான் அடைபட்டது. காலியான கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களிலே நம் தமிழரும் உண்டு. மொரீஷியஸ் மண் சான்று கூறும். ஒரு விலங்கு உடைந்தால், இன்னொரு விலங்கு வேறு பெயரோடு வரும். கணக்கெடுப்பவன் ஓயக்கூடாது.

80 வயதிலே, 1840-ல், லண்டனிலே கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டைத் திறந்து வைத்தார் கிளார்க்சன். 1846-ல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே அவருக்கு நினைவுக் கல் வைக்க, 1996 வரை ஆயிற்று!

வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் உழைக்க வரலாமா என்று தம்பிமார் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. எல்லோரும் வா என்றும் சொல்லமாட்டோம். எவரும் வராதே என்றும் சொல்லமாட்டோம். நீ வராவிட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்குமா? கிடக்குமென்றால் வா, உன்னைத் தாங்க ஏற்பாடு செய்துகொண்டு வா. இல்லையென்றால், ஆலையிலே இரு, அலுவலகத்திலே இரு; அந்தக் குவேக்கர் கடைக்காரரைப்போல மாதம் தவறாமல் கொடு. வரும் மாதம் கிளைக் கூட்டத்திலே வரவு செலவு படிக்கும்போது, எவ்வளவு செலவு என்பதோடு நிறுத்தாமல், தோரணத்துக்குப் போனது எவ்வளவு, படிப்பகத்துக்குப் போனது எவ்வளவு, எதனால் எத்தனை பேர் துயர் குறைந்தது என்றும் கேளுங்கள். செயலாளர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்!