ஒரு தாய் தந்த இரு செல்வங்கள்



மந்திரவாதிகளும் பறவை நாகங்களும் உலாவுகின்ற கதைப் புத்தகமொன்றில் உங்கள் பிள்ளை தன்னை மறந்து மூழ்கியிருப்பதைக் கண்டு, இது அவனுடைய விசுவாசத்தைக் கெடுத்துவிடுமோ என்று நீங்கள் எப்போதாவது அஞ்சியதுண்டா? அவ்வச்சம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. சமயத் தலைவர்கள் பலரும் அதனை வெளிப்படையாகக் கூறியிருக்கின்றனர். 2001ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 30ஆம் திகதி, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள அலமகோர்டோ நகரில், கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் முன்றலில் ஹரி பொட்டர் நூல்கள் தீயிலிடப்பட்டன. அமெரிக்க நூலகச் சங்கத்தின் பதிவின்படி, அவ்வாண்டு அதே முன்றலில் 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' என்னும் நூலும் சாத்தானுக்குரியது எனக் குற்றஞ்சாட்டப்பட்டு எரிக்கப்பட்டது.

அந்நூலை எழுதியவர் யாரென்று அறிவீர்களா? நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளிட்ட ஒரு கத்தோலிக்கர் அவர். ஒரு குருவின் தந்தை. விசுவாசத்திற்காகத் தன் சுகவாழ்வை இழந்த ஒரு தாயின் மகன். பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்னும் அம்மனிதரின் வாழ்வை இன்று சற்றே நோக்குவோம்.

1892ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி, இன்றைய தென்னாபிரிக்காவிலுள்ள புளூம்பொன்டெயின் நகரில் டோல்கீன் பிறந்தார். தந்தை ஆர்தர் வங்கி முகாமையாளர். தாய் மேபல், மகன் ஜோனையும் இளையவன் ஹிலரியையும் அழைத்துக்கொண்டு 1895இல் இங்கிலாந்துக்கு வந்திருந்த வேளையில், தென்னாபிரிக்காவில் தங்கிவிட்ட கணவர் நோயுற்று 1896 பெப்ரவரியில் மரணமானார். நான்கு வயது மகனுக்கும் அவன் தம்பிக்கும் தாயொருத்தியே துணையானாள்.

மேபல் தன் மக்களுக்குத் தானே ஆசிரியையானாள். இலத்தீன் மொழியையும் ஓவியத்தையும் செடி கொடிகளின் இயல்பையும் கற்பித்தாள். அத்தோடு கதைப் புத்தகங்களையும் அள்ளிக் கொடுத்தாள். பறவை நாகத்தை வெட்டி வீழ்த்தும் வீரனின் கதையில் சிறுவன் மனத்தைப் பறிகொடுத்தான்.

1900ஆம் ஆண்டில் மேபல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தாள். இருபக்க உறவினர்களும் வெகுண்டனர். பணவுதவி செய்து வந்த சகோதரியின் கணவர் அதனை நிறுத்திவிட்டார். நெருக்கடியான வாடகை வீடுகளில் வறுமையோடு போராடியபோதும் அவள் தன் விசுவாசத்தைக் கைவிடவில்லை. நீரிழிவு நோய் அவளைப் பற்றியது. இன்சுலின் என்னும் மருந்து அக்காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. 1904 நவம்பர் 14ஆம் திகதி, தன் 34ஆவது வயதில் அவள் கண்மூடினாள். அப்போது டோல்கீனுக்கு வயது 12. தன் தாய் விசுவாசத்திற்காக உயிர்கொடுத்த மறைசாட்சி என்றே அவர் வாழ்நாள் முழுவதும் எண்ணியிருந்தார்.

அன்பார்ந்த பெற்றோரே, இங்கே சற்று நில்லுங்கள். அற்புதக் கதைகளைக் கையிற் கொடுத்த தாயும், கத்தோலிக்க விசுவாசத்தை உயிரைக் கொடுத்துக் கையளித்த தாயும் ஒருத்தியே. ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும் என்று அவள் அஞ்சவில்லை.

அநாதைகளான இரு சிறுவரையும் காக்கும் பொறுப்பை, தாயின் விருப்பப்படி, அருட்தந்தை பிரான்சிஸ் மோர்கன் ஏற்றார். அவர் பேர்மிங்ஹாம் நகரின் ஒரட்டோரியன் சபைக் குரு. அந்த இல்லத்தை நிறுவியவர், 2019இல் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமன். நம் நாட்டின் அப்போஸ்தலர் புனித யோசப் வாஸ் அடிகளார் கோவாவில் பின்பற்றியதும் புனித பிலிப்பு நேரியாரின் இதே ஒரட்டோரியன் மரபுதான். சகோதரர் இருவரும் காலையில் அருட்தந்தையின் திருப்பலியில் பீடப்பணி செய்த பின்னரே பாடசாலைக்குச் சென்றனர். தாய் விட்டுச் சென்ற சொற்பப் பணம் போதாதபோது, அருட்தந்தை தம் சொந்தப் பணத்தையும் சேர்த்து அவர்களை வளர்த்தார்.

இளைஞனான டோல்கீன் எடித் என்னும் பெண்ணை நேசித்தார். படிப்புக் கெடுவதைக் கண்ட அருட்தந்தை, 21 வயது நிறையும்வரை அவளோடு எவ்விதத் தொடர்பும் கூடாதெனக் கட்டளையிட்டார். உள்ளம் வெதும்பினாலும் டோல்கீன் கீழ்ப்படிந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருந்து, 1913இல் 21 வயது நிறைந்த அன்றே அவளுக்குக் கடிதம் எழுதினார். எடித் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த பின், 1916 மார்ச் 22ஆம் திகதி இருவரும் திருமணத்தில் ஒன்றிணைந்தனர்.

சில மாதங்களில் அவர் பிரான்ஸ் தேசத்துப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். சொம் என்னும் பெரும் சமர் அது. பாடசாலைக் காலத்து உயிர்த் தோழர்களுள் ஒருவர் ஜூலை முதலாம் திகதியே வீழ்ந்தார். மற்றொருவர் டிசம்பரில் காயமுற்று மடிந்தார். பதுங்குகுழிகளில் பரவிய காய்ச்சலால் பீடிக்கப்பட்ட டோல்கீன் நவம்பரில் இங்கிலாந்துக்குத் திருப்பியனுப்பப்பட்டார். நோயிலிருந்து மீண்டுவந்த அந்நாட்களில்தான் தமது கற்பனை உலகின் முதற் கதைகளை எழுதத் தொடங்கினார். சாவின் கோரத்தைக் கண்ணாற் கண்டவர், நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான போரைப் பற்றி எழுதினார். அதை வெறும் பொழுதுபோக்கு என்று எவர் கூறமுடியும்?

1925இல் அவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பழைய ஆங்கில மொழியில் பெரும் புலமை பெற்றவர். வீட்டிலோ நான்கு பிள்ளைகளின் அன்புத் தந்தை. நத்தார் தாத்தா வட துருவத்திலிருந்து எழுதுவதாகப் பாவனை செய்து, 1920 முதல் 1943 வரை ஆண்டுதோறும் தம் பிள்ளைகளுக்குச் சித்திரக் கடிதங்கள் வரைந்தார். பிள்ளைகளுக்குச் சொன்ன கதையே 1937இல் 'த ஹொபிட்' என்னும் நூலாக வெளிவந்தது. அக்கதைகளைக் கேட்டு வளர்ந்த மூத்த மகன் ஜோன், 1946இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அவர் குறையற்ற மனிதரல்லர். ஒரு காலத்தில் சோம்பலினால் சமயக் கடமைகளை ஏறத்தாழக் கைவிட்டிருந்ததை, பின்னாளில் மகனுக்கு எழுதிய கடிதமொன்றில் மனம் வருந்தி ஒப்புக்கொண்டார். தம்மை மீண்டும் இழுத்து வந்தது நற்கருணையின் மீது கொண்ட தீராப் பசியே என்று அவர் உணர்ந்தார்.

1931ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இரவொன்றில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒக்ஸ்போர்ட் நகரின் மக்டலன் கல்லூரி மரநிழற் பாதையில் நண்பர் மூவர் நடந்தவாறே உரையாடினர். அவர்களுள் ஒருவர் சி. எஸ். லூயிஸ். கடவுள் உண்டென்பதை ஏற்றிருந்தும் கிறிஸ்துவை ஏற்க இயலாது தவித்தவர். பழங்கதைகள் எல்லாம் அழகிய பொய்கள் என்பது அவரது எண்ணம். டோல்கீன் அதை மறுத்தார். மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன். ஆதலால் அவன் புனையும் கதைகளிலும் நித்திய உண்மையின் ஒளிக்கீற்று உண்டு. மனித இதயம் யுகயுகமாய் ஏங்கிய கதையொன்று வரலாற்றில் மெய்யாகவே நிகழ்ந்தது. அதுவே கிறிஸ்துவின் பிறப்பும் மரணமும் உயிர்ப்புமாகும். இவ்வாறு அவர் எடுத்துரைத்தார். சில நாட்களில் லூயிஸ் கிறிஸ்துவை ஆண்டவராக ஏற்றுக்கொண்டார். அவர் அங்கிலிக்கன் சபையிலேயே இருந்தாலும், பின்னர் நார்னியா கதைகளின் வாயிலாக எண்ணற்ற சிறுவரின் உள்ளங்களைத் தொட்டார். தர்க்கம் திறவாத கதவைக் கதை திறந்தது.

1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' வெளிவந்தது. இந்நூலில் கடவுளின் பெயர் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. ஆலயமும் வழிபாடும் இல்லை என்றே சொல்லலாம். எனினும் அச்சாகுமுன் அதனை வாசித்த இயேசு சபையைச் சேர்ந்த நண்பர் ரொபர்ட் மரே, அதில் இறையருளின் ஒழுங்கைக் கண்டு வியந்தார். டோல்கீன் 1953 டிசம்பரில் எழுதிய பதிலில், அது அடிப்படையில் கத்தோலிக்க நூலே என்றும், தாம் முதலில் உணராமலும் திருத்தி எழுதுகையில் உணர்ந்தும் அவ்வாறு ஆக்கியதாகவும் விளக்கினார்.

கதையின் உயிர்நாடி ஒரு மோதிரம். அணிபவனுக்குப் பிறரை அடக்கியாளும் வல்லமையை அது தரும். நல்லவர்களும் அதனை நன்மைக்கெனப் பயன்படுத்த விழைந்தால் தீயவராவர். ஆதலால் ஞானியான காண்டால்ப் அதைத் தனக்கென ஏற்க மறுக்கிறார். சிறிய உருவம் கொண்ட எளியவன் புரோடோ அதை அழிக்கப் புறப்படுகிறான். நடக்கமுடியாது தளர்ந்தவனை அவன் பணியாள் சாம் முதுகில் சுமக்கிறான். இதை வாசிக்கையில் சிரேன் ஊர் சீமோன் உங்கள் நினைவுக்கு வரவில்லையா? இறுதிக் கணத்தில் புரோடோவும் சோதனையில் வீழ்கிறான். மோதிரம் தனதே என்கிறான். அவனைக் காப்பது எது? கோலம் என்னும் இழிந்தவனுக்கு முன்னர் காட்டப்பட்ட இரக்கம். கொல்லாது விடப்பட்ட அந்தக் கோலம், மோதிரத்தைப் பறித்துக்கொண்டு நெருப்பில் வீழ, தீமை அழிகிறது. மனித பலத்தால் ஆகாததை இரக்கத்தின் வழியாக இறைவன் நிறைவேற்றுகிறார் என்பதை இதனினும் தெளிவாக ஒரு சிறுவனுக்கு எவ்வாறு சொல்வது? மோதிரம் அழியும் நாளாக டோல்கீன் குறித்தது மார்ச் 25. அது கபிரியேல் தூதர் அன்னை மரியாளுக்கு மங்கள வார்த்தை உரைத்த திருநாள்.

அப்படியாயின் சமயத் தலைவர்களின் எச்சரிக்கை வீணானதா? அவ்வாறு கூறிவிட வேண்டாம். மந்திரமும் சூனியமும் குறி கேட்பதும் இறைவனுக்கு எதிரானவை எனத் திருச்சபையின் மறைக்கல்வி ஐயமறப் போதிக்கின்றது. செய்வினைக்கு அஞ்சி மந்திரவாதியின் வாசலை நாடும் கிறிஸ்தவர்கள் இன்றும் இருக்கையில், இப்போதனை நமக்கு மிகவும் தேவையானது. ஹரி பொட்டர் நூல்களைப் பற்றித் திருச்சபைக்குள்ளேயே இருவிதக் குரல்கள் எழுந்தன. 2003இல் கர்தினால் ராட்சிங்கர், அதாவது பின்னாளில் பாப்பரசரான 16ஆம் ஆசீர்வாதப்பர், அந்நூல்களை விமர்சித்த ஜெர்மானிய எழுத்தாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இளம் உள்ளங்களில் புலப்படாமல் நுழையும் கவர்ச்சிகள் குறித்துக் கவலை தெரிவித்தார். அதே ஆண்டு வத்திக்கானில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் அருட்தந்தை பீற்றர் பிளீட்வுட், அக்கதைகள் நன்மை தீமையைப் பிரித்தறியச் சிறுவருக்கு உதவுகின்றன என்றார். 2019இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள கத்தோலிக்கப் பாடசாலை ஒன்று அந்நூல்களைத் தன் நூலகத்திலிருந்து அகற்றியது. திருச்சபை முழுவதற்குமான தடை எதுவும் விதிக்கப்படவில்லை. தீர்மானிக்கும் பொறுப்பு பெரிதும் பெற்றோரிடமே விடப்பட்டுள்ளது.

அப்பொறுப்பை நிறைவேற்ற டோல்கீனின் வாழ்வு நமக்கு ஓர் அளவுகோலைத் தருகின்றது. பிறர் மனத்தை அடக்கியாளத் தேடும் வல்லமையையே அவர் தீய மந்திரம் எனக் கருதினார். ஆகவே கதையில் மந்திரவாதி வருகிறானா என்பதோடு நின்றுவிடாதீர்கள். அக்கதை எதை விரும்பக் கற்பிக்கின்றது என்று கேளுங்கள். அதிகாரத்தையா, தியாகத்தையா? பழிவாங்கலையா, மன்னிப்பையா? மந்திரமே இல்லாத கதையும் பேராசையைப் போதித்தால் அது பிள்ளைக்கு நஞ்சாகும். திருவிவிலியத்திலேயே, நீதித் தலைவர்கள் நூலில் யோத்தாம் மரங்கள் கூடித் தமக்கு அரசனைத் தேடும் கதையைச் சொல்கிறார். நம் ஆண்டவரும் கதைகளாலேயே விண்ணரசைப் போதித்தார்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2024 ஜூலை மாதத்தில் எழுதிய கடிதமொன்றில், குருமாணவர்கள் மட்டுமன்றிக் கிறிஸ்தவர் அனைவரும் நாவல்களையும் கவிதைகளையும் வாசிப்பதன் பயனை வலியுறுத்தினார். பிறருடைய உள்ளத்தின் குரலைக் கேட்க இலக்கியம் நம்மைப் பழக்குகின்றது என்பது அவர் கருத்து.

டோல்கீன் 1973 செப்டெம்பர் 2ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். ஒக்ஸ்போர்ட் நகரின் ஹெடிங்டன் பகுதியிலுள்ள புனித அந்தோனியார் ஆலயத்தில், மகன் அருட்தந்தை ஜோன் அவருக்காக இரங்கல் திருப்பலியை ஒப்புக்கொடுத்தார். மேபல் என்னும் ஏழை விதவை விதைத்த விதை, பேரன் ஒருவன் பலிபீடத்தில் நிற்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

அன்பார்ந்த பெற்றோரே, புத்தகத்தைப் பறித்து எறிவது எளிது. பிள்ளையின் அருகே அமர்ந்து அதை வாசிப்பதற்கே நேரமும் பொறுமையும் அன்பும் வேண்டும். மேபல் கதையைக் கொடுத்துவிட்டு அகன்றுவிடவில்லை. தானே அருகிருந்து கற்பித்தாள், திருப்பலிக்கு அழைத்துச் சென்றாள், விசுவாசத்திற்காகத் துன்புற்றும் காட்டினாள். இவ்வாரம் உங்கள் பிள்ளை வாசிக்கும் புத்தகத்தை நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். தகாததெனக் கண்டால் காரணத்தை அன்போடு எடுத்துரைத்து விலக்குங்கள். நல்லதெனக் கண்டால் அதைப் பற்றிப் பிள்ளையோடு உரையாடுங்கள். மாலைச் செபத்தின் பின் ஒரு கதைக்கும் உங்கள் இல்லத்தில் இடமிருக்கட்டும். அத்தாயின் விசுவாசத்தையும் துணிவையும் இறைவன் உங்களுக்கும் அருள்வாராக!