ஜெபத்தை மாற்றிய ஹாரியட் டப்மன்

நம் ஊரில் ஒரு குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தால், ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இது கர்த்தர் தந்த சிலுவை, பொறுமையாகச் சுமக்க வேண்டும் என்பார்கள். நாமும் அப்படிச் சொன்னவர்கள்தாம். இந்தக் கஷ்டம் கர்த்தர் தந்ததா, மனிதர் தந்ததா என்று கேட்டுப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. அதைக் கேட்ட ஒரு பெண் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர் ஹாரியட் டப்மன்.

1822 வாக்கில் மேரிலாந்து மாநிலத்தில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆறு வயதிலேயே பிற வீடுகளுக்கு வேலைக்கு வாடகைக்கு விடப்பட்டார். சவுக்கடித் தழும்பு கடைசிவரை கழுத்தில் இருந்தது. பதின்வயதில், தப்பி ஓடிய ஓர் அடிமையைக் குறிவைத்துக் கங்காணி வீசிய சுமார் ஒரு கிலோ எடைக்கல் இவர் தலையில் விழுந்து மண்டை உடைந்தது. மருத்துவர் யாரும் வரவில்லை. சில நாளில் ரத்தம் வழிய வழிய வயலுக்கு அனுப்பினார்கள். அதன்பின் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போவார், கனவுபோலக் காட்சிகள் காண்பார். கடவுள் தன்னோடு பேசுகிறார் என்றே அவர் அதை எடுத்துக்கொண்டார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் ஹாரியட். வேதாகமக் கதைகள் தாய் ரிட் சொல்லித்தான் தெரியும். அடிமைகளுக்குப் போதிக்க வந்த வெள்ளைக்காரப் போதகர்கள், எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பவுலின் நிருபத்தையே எடுத்துப் பேசினார்கள். ஹாரியட்டின் மனதில் நின்றது எகிப்தும் பார்வோனும் மோசேயும். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பிய திருச்சபைகளைப் பார்த்த நமக்கு, ஒரே புத்தகத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்பது புதிதல்ல.

மூன்று அக்காமார் விற்கப்பட்டுப் போனார்கள். கடைசித் தம்பியை விற்க ஆள் வந்தபோது தாய் அவனை ஒரு மாதம் ஒளித்து வைத்தார். கதவைத் தாண்டி வருகிறவன் மண்டையைப் பிளப்பேன் என்று நின்றார். விற்பனை நின்றுபோனது. எதிர்த்து நின்றால் நடக்கும் என்பதைச் சிறுமி அன்று கண்டார்.

1849இல் ஹாரியட் நோயில் கிடந்தார். எஜமான் எட்வர்ட் பிரோடஸ் அவரை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நல்ல மனதைக் கொடு என்று ஹாரியட் இரவும் பகலும் ஜெபித்தார். விற்பது உறுதி என்று கேள்விப்பட்டதும் ஜெபத்தை மாற்றினார்: மனம் மாறாவிட்டால் அவரை எடுத்துக்கொள். சில நாளில் பிரோடஸ் இறந்தார். ஹாரியட் வருந்தினார், அந்த ஜெபத்தைத் திரும்பப் பெற முடியாதா என்று தவித்தார். நாமும் அந்த ஜெபத்தை மெச்சவில்லை. ஆனால் எஜமானின் கொடுமையைக் கடவுளின் சித்தம் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிரோடஸ் செத்ததால் ஆபத்து கூடிற்று. கடனை அடைக்க அடிமைகளை விற்பார்கள். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் இரண்டு தம்பிகளோடு கிளம்பினார். அவர்கள் பயந்து திரும்பிவிட, ஹாரியட் பிறகு தனியாகப் போனார். வடதுருவ நட்சத்திரத்தைப் பார்த்து இரவில் நடந்தார். அடிமைமுறையை எதிர்த்த குவேக்கர் கிறிஸ்தவர்கள் வழியில் அடைக்கலம் தந்தார்கள். பென்சில்வேனியாவை அடைந்தபோது அவரை வரவேற்க ஒருவரும் இல்லை, சொந்தமெல்லாம் பின்னால் கிடந்தது.

அதனால் திரும்பிப் போனார். சுமார் 13 பயணங்களில் ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தார். ஒருவரையும் பறிகொடுக்கவில்லை. மக்கள் அவரை மோசே என்றே அழைத்தார்கள். ஜெபித்துவிட்டுச் சும்மா இருப்பவரல்ல. இரவு நீண்ட குளிர்காலத்தைத் தேர்ந்தார். சனிக்கிழமை இரவில் புறப்பட்டால், திங்கள்வரை பத்திரிகையில் தேடுதல் விளம்பரம் வராது என்று கணக்குப் போட்டார். கையில் துப்பாக்கியும் இருந்தது. 1857இல் வயதான பெற்றோரையும் மீட்டார்.

உள்நாட்டுப் போரில் 1863 ஜூனில் கம்பாகீ ஆற்றில் வடக்குப் படைக்கு வழிகாட்டி, ஒரே இரவில் 700க்கும் மேற்பட்டவர்களை விடுவிக்க உதவினார். அந்த அரசு அவரை என்ன செய்தது? ஓய்வூதியத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 1899இல்தான், விதவை ஓய்வூதியத்தையும் சேர்த்து, மாதம் 20 டாலர் கிடைத்தது.

நியூயார்க் மாநிலம் ஆபர்னில் தன் நிலத்தை முதியோர் இல்லத்துக்காகக் கறுப்பின மக்களின் திருச்சபைக்குக் கொடுத்தார். சேருகிறவர்கள் 100 டாலர் கட்ட வேண்டும் என்று சபை விதித்தபோது கோபப்பட்டார். கையில் காசு இருப்பவர்களைச் சேர்க்கவே கூடாது என்பது அவர் எண்ணம். 1908இல் இல்லம் திறந்தது. 1913 மார்ச் 10 அன்று, நண்பர்களும் உறவினரும் சுற்றிலும் இருக்க, அங்கேயே இறந்தார். ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.