சின்தசைசருக்கு முன்னாடி ஒரு ஆர்மோனியப் பெட்டி: யார் இந்த பாவலர் வரதராஜன்?

1986ல் வெளியான 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களின் இசை அன்றைய தமிழ் ரசிகர்களுக்கு ரொம்பவே புதுசு. சின்தசைசரும் கணினியும் சேர்ந்து உருவாக்கிய ஒலி அது. ஆனால், அதற்கு இசையமைத்த இளையராஜாவின் விரல்கள் முதலில் பழகியது கரன்ட்டே தேவைப்படாத ஒரு பெட்டியில். அண்ணனுடைய ஆர்மோனியம். தொட்டால் அடி விழும்!

அந்த அண்ணன்தான் பாவலர் வரதராஜன்.

பண்ணைப்புரத்துப் பாட்டுக்காரர்

தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். மலைக்கு மேலே ஏலத்தோட்டம், தேயிலைத் தோட்டம். கூலி வேலைக்கு மலையேறுவது இந்தப் பக்கத்து மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய விஷயம்.

வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளின் பாடகர். மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சினிமா மெட்டு, நாட்டுப்புற மெட்டு இவற்றில் கூலி, பசி, தேர்தல் பற்றிய சொந்த வரிகளைப் போட்டுப் பாடுவார். மெட்டு தெரிந்ததாக இருந்தால் வரி சட்டென்று மனசில் ஒட்டிக்கொள்ளும் இல்லையா? அதுதான் அவருடைய உத்தி.

ஏன் ஆர்மோனியம்?

ஒரு கை துருத்தியை அசைக்கும், மறு கை கட்டைகளில் ஓடும், வாய் பாடும். ஒரே ஆள் போதும். உள்ளே போகும் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்வதால் ஒலி வருகிறது. சின்தசைசரில் அந்தக் காற்றின் வேலையை மின்சுற்று செய்கிறது. கட்டைகளின் வரிசை இரண்டிலும் ஒன்றேதான். மின்சாரம் எட்டாத கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு போக ஆர்மோனியம்தான் தோது.

தேவிகுளம், 1958

1957ல் கேரளாவில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. 126 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தது 60. ஐந்து சுயேச்சைகளின் ஆதரவோடுதான் ஆட்சியே நின்றது. இந்த நேரத்தில் தேவிகுளத்தில் வென்றிருந்த ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1958ல் இடைத்தேர்தல். ஒவ்வொரு இடமும் உயிர் மாதிரி.

அங்கே தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில், தெரிந்த மெட்டில் பாட ஆள் வேண்டும். மலையின் இந்தப் பக்கத்திலிருந்து போனவர் வரதராஜன். கூடவே ராசையா என்கிற சிறுவன். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரிய பங்கு உண்டு என்று இ.எம்.எஸ். பாராட்டியதாகச் சொல்லப்படுவதுண்டு.

தொடக்கூடாத பெட்டி

அந்த ராசையாதான் பின்னாளில் இளையராஜா. மேடையில் பெண் குரலில் பாடுவது அவர் வேலை. ஆனால் அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொட அனுமதி கிடையாது. அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகினார். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பெண் குரல் போய்விட்டது. அப்போது குழுவில் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தது, திருட்டுத்தனமாகக் கற்ற அந்த வாசிப்புதான்.

ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இந்தச் சகோதரர்கள் ஊர் ஊராகச் சுற்றிப் பாடினார்கள். எந்த ஊரில் எந்த மெட்டுக்குக் கூட்டம் தலையாட்டுகிறது என்பதை இளையராஜா நேரில் பார்த்துக் கற்ற காலம் அது. 1960களின் இறுதியில் தம்பிகள் சினிமா கனவோடு சென்னைக்குக் கிளம்பினார்கள். அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தனுப்பினார்.

1976ல் 'அன்னக்கிளி' வந்தது. தமிழ்நாடே அந்தப் பாடல்களைப் பாடியது. அதைக் கேட்க வரதராஜன் உயிரோடு இல்லை.

பெயர் எங்கே இருக்கிறது?

வரதராஜன் பாடியது கட்சிக் கூட்டங்களில். பாட்டு கூட்டத்தோடு கலைந்து போனது. தம்பியின் பாடல்கள் மாதிரி வீடு வீடாக ரேடியோவில் ஒலிக்கும் வாய்ப்பு அவர் குரலுக்குக் கிடைக்கவில்லை.

பெயரை மட்டும் தம்பிகள் விடவில்லை. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) முதல் பல படங்களைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் 'பாவலர் கிரியேஷன்ஸ்'. சின்தசைசர், கணினி எல்லாம் வந்த பிறகும் இளையராஜா ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை. மேடைக் கச்சேரிகளில் இன்றும் அவர் முன்னால் அந்தப் பெட்டியைப் பார்க்கலாம்.